துரை, அம்மாகிட்ட சொல்லு

அந்தக் கூடைக்குள்ள இருக்கறது பூனைதானேம்மா? மூடியைக் கொஞ்சம் தூக்கி விடு, காத்து போகட்டும். ஓடாது. இந்த வயசுல எங்க ஓடப் போகுது? என்ன, தண்ணி தண்ணின்னு குடிக்குதா? திங்கறதெல்லாம் தின்னுட்டு உடம்பு மட்டும் வத்திப்போச்சா? பின்னங்காலைத் தரையோட தேச்சு நடக்குதா? அட ஆண்டவனே. சுகர்தான். டாக்டரம்மா சொல்லிட்டாங்களா? சரி சரி, அழாதே. கண்ணைத் தொடை. சுகர் வந்தா செத்தா போயிடுவாங்க? எங்க தெருவுல பாதிப் பேருக்கு சுகர். எல்லாரும் கல்யாண வீட்டுல பாயசத்துக்கு முன்னாலதான் நிக்கறாங்க.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். வீட்டுல ஊசி யாரு போடப் போறது? நீயா, உங்க வீட்டுக்காரரா? ரெண்டு பேருமா? ம். ரெண்டு பேரும் பேசிக்குவீங்களா? சிரிக்காதேம்மா, நெசமாத்தான் கேக்கறேன். வாயைத் தொறந்து, மூஞ்சியைப் பாத்து, பேசிக்குவீங்களா?

எங்க பூனைக்கும் சுகர்தான். பேரு துரை. எம்பொண்ணு சாருமதி காலேஜ் படிக்கும்போது மழையில நனைஞ்ச குட்டியா தூக்கிட்டு வந்தா. செவலை நெறம், வெள்ளைக் கழுத்து. வந்த மறுநாளே எங்க வீட்டுக்காரரு நாற்காலியில ஏறி உக்காந்துட்டான். அவரு மின்வாரியத்துல வேலை பாத்தவரு, கம்பம் ஏறி எறங்கி வர்ற மனுஷன், வந்தா அந்த நாற்காலியிலதான் சாய்வாரு. நாற்காலி போச்சு. "எந்திரிங்க துரை"ன்னு கைகட்டி நின்னாரு. அதுவே பேராயிடுச்சு.

இப்ப இல்ல. போயிட்டான். அதுக்கு நீ பயப்படாதே, சுகர்னால போகல. சுகரு அடங்கித்தான் இருந்துச்சு. போனது வேற. சொல்றேன்.

எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. ஆறு வருஷமா. என்ன பெரிய சண்டைன்னு கேளு. ஒண்ணுமில்ல. ஒரே வார்த்தை. சாருமதி ஓசூர்ல வீடு கட்டிக் குடி போனா. சம்பந்தி வீட்டாளுங்க அத்தனை பேரும் சாப்பிட்டு உக்காந்திருக்காங்க. நான் ஏதோ பேசிக்கிட்டிருக்கேன். நான் பேசுவேம்மா, மறைக்கல, வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு எங்கம்மா வளத்துட்டாங்க. இவரு எல்லாரு முன்னாலயும், "இவ ஒரு நாள் வாயை மூடினான்னா போதும், எனக்கு அதுதான் நிம்மதி"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. சம்பந்தியம்மா வெத்தலை வாயோட சிரிச்சுச்சு பாரு, எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சிடுச்சு. "நெசமாவா சொல்றீங்க?"ன்னேன். "நெசமாத்தான்"னாரு. சரி, எடுத்துக்குங்க நிம்மதியைன்னு குடுத்துட்டேன்.

ரெண்டு நாள்ல வந்து பேசுவாருன்னு பாத்தேன். வரல. கல்லானாலும் கணவன்னு சொல்லுவாங்க. கல்லுகூட தட்டினா சத்தம் குடுக்கும்மா. இவரு குடுக்கல. நானா போய்ப் பேசணுமாக்கும்? எனக்கென்ன வந்துச்சு?

ஆனா ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு பேசாம எப்படிக் காலம் தள்றது? கேஸ் தீந்துபோச்சுன்னு சொல்லணும்ல? ஒரு நாள் மத்தியானம் சோறெடுத்து வச்சுட்டு நிக்கறேன். மனுஷன் பேப்பரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. துரை நடுவுல படுத்து வாலை ஆட்டிக்கிட்டிருந்தான். "துரை, சோறு ஆறுதுன்னு சொல்லு"ன்னேன். அவரு பேப்பரை மடிச்சு வச்சுட்டு வந்து உக்காந்தாரு. சாப்பிட்டுட்டு, "துரை, அம்மாகிட்ட சொல்லு, ரசம் நல்லாருக்குன்னு"ன்னாரு. அன்னைலேருந்து அப்படித்தான். "துரை, கரண்டு பில்லு கட்டியாச்சான்னு கேளு." "துரை, அம்மாகிட்ட சொல்லு, முட்டிவலிக்குத் தைலம் அலமாரியில இருக்குன்னு." "துரை, நேத்து குழம்புல உப்பில்லன்னு சொல்லு." "துரை, உப்பு ஜாடி எங்க இருக்குன்னு அவருக்குக் கண்ணு தெரியாதான்னு கேளு." அவன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாப்பான், கோர்ட்டுல ஜட்ஜு மாதிரி. சாருமதி போன்ல சிரிப்பா, "அம்மா, துரையை விட்டுட்டு எங்கயும் போயிடாதீங்க, வீடு ஊமையாயிடும்"பா.

பூனை நடுவுல இருந்தா பேச்சு. பூனை இல்லன்னா இல்ல. யாரும் போட்ட சட்டம் இல்ல. அப்படியே ஆகிப்போச்சு.

போன வருஷம் கோடையில ஒரு நாள் கொல்லைப்பக்கத்துல நின்னுக்கிட்டு, "துரை, அம்மாகிட்ட சொல்லு, நீ மூத்திரம் போற எடத்துல எறும்பு மொய்க்குதுன்னு"ன்னாரு. "துரை, எறும்புன்னா மஞ்சத்தூள் போடச் சொல்லு"ன்னேன் நான். எனக்கு எங்க தெரியும்? முன்ன பின்ன செத்தாத்தானே சுடுகாடு தெரியும். அவரு விடல. அவங்கம்மாவுக்கு சுகரு, அவங்க இருந்த காலத்துல எறும்பை வச்சுத்தான் கண்டுபிடிச்சாங்களாம். தூக்கிட்டு இங்க வந்தோம். இதே பெஞ்சுதான். டாக்டரம்மா ரத்தம் பாத்துட்டு சொன்னாங்க. பூனைக்குமா சுகரு வரும்னு நான் வாயைப் பொளந்துட்டேன்.

பால்சோறு நிப்பாட்டு. மொதல் வேலை அதான். பிஸ்கெட்டு, ரொட்டி, எதுவும் கூடாது. வேகவச்ச மீனு, கோழி, உப்பு காரம் இல்லாம. அவங்க சொல்ற தீனி இருந்தா அது. சாப்பிட்ட பொறவுதான் ஊசி. சாப்பிடலன்னா ஊசியைத் தொடாதே, போன் பண்ணிக் கேளு. மருந்து பாட்டிலை ஃபிரிட்ஜ் கதவுல வை, ஐஸ் பெட்டியில வச்சுடாதே. சாம்பார் பொடி குலுக்கற மாதிரி குலுக்கக் கூடாது, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு மெதுவா உருட்டணும். ஊசியில அளவு ரெண்டு தினுசு இருக்கு. மருந்துக் கடையில ஊசின்னு கேட்டா எதையாவது எடுத்து நீட்டுவாங்க. டாக்டரம்மா காட்டின அதே ஊசியான்னு பாத்து வாங்கு. மாறினா அளவே மாறிப்போயிடும்.

மொதல்ல ரெண்டு பேரும் சேந்துதான் போட்டோம். நான் மடியில வச்சுப் பிடிச்சுக்குவேன், அவரு பிடரித் தோலைத் தூக்கிப் போடுவாரு. கம்பத்துல ஏறி கரண்டைத் தொட்ட மனுஷன், பூனைக்கு ஊசி போடப் பயப்படறாரு. "துரை, நல்லாப் பிடிச்சுக்கச் சொல்லு." "துரை, நான் பிடிச்சுட்டேன், கண்ணை மூடிக்கிட்டுப் போட வேணாம்னு சொல்லு." கண்ணை மூடிக்குவாரும்மா! நெசமா! எனக்குச் சிரிப்பு வந்துடும். அவருக்கும் வந்துடும். ரெண்டு பேரும் துரையைப் பாத்து சிரிப்போம். போட்டு முடிச்சதும் அவன் ஒண்ணுமே நடக்காத மாதிரி கையை நக்குவான். ஒரு தடவை அவன் துள்ளினப்ப அவரு என் கையைச் சேத்துப் பிடிச்சுட்டாரு. கொஞ்ச நேரம் எடுக்கல. துரைன்னு நெனச்சிருப்பாரு.

ஒரு மாசத்துல துரைக்கு உடம்பு தேறிடுச்சு. நாற்காலியில பழையபடி தாவி ஏறினான். அன்னைக்கு நான் கேசரி கிளறினேன், துரைக்கு இல்ல, எங்களுக்கு. "துரை, எதுக்கு கேசரின்னு கேளு"ன்னாரு. "துரை, உனக்கு உடம்பு சரியானதுக்குன்னு சொல்லு"ன்னேன். பக்கத்து வீட்டு அன்னத்தாய் மதில் மேலருந்து எட்டிப் பாத்து, "என்னக்கா, வீட்டுல ஒரே கலகலப்பா இருக்கு, விருந்தாளி வந்திருக்காங்களா?"ன்னு கேக்குது. நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம். பூனையோட.

பழகினதும் பிரிச்சுக்கிட்டோம். காலையில அவரு, சாயங்காலம் நான். சாயங்காலம் அவரு ரிட்டயர் ஆனவங்க சங்கத்துக்கு கேரம் ஆடப் போயிடுவாரு. டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க, "ரெண்டு பேரு போடறீங்க, ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர்கிட்ட சொல்லிடணும். போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா அந்த வேளை போடவே போடாதீங்க. ஒரு வேளை விட்டா ஒண்ணும் ஆகாது. ரெண்டு தடவை போட்டா உயிருக்கு ஆபத்து"ன்னு. நானும் மண்டையை ஆட்டினேன், அவரும் ஆட்டினாரு. நீயும் இதை நல்லா காதுல வாங்கிக்கோ.

லால்குடியில எங்க சித்தி பேத்திக்கு வளைகாப்பு. காலையிலேயே போயிட்டேன். "துரை, சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன்னு சொல்லு"ன்னு சொல்லிட்டுத்தான் போனேன். திரும்பி வர்றப்ப வழியில ஏதோ கட்சி ஊர்வலம். பஸ்ஸு நகரல. நான் வீட்டுக்கு வந்தப்ப விளக்கு வச்சாச்சு. அவரு கேரம் ஆடப் போகாம கூடத்துல உக்காந்திருந்தாரு. எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு, ஆனா நான் ஏன் கேக்கணும்? துரை கூடத்துல இல்ல.

என்னைப் பாத்ததும் வாயைத் தொறந்தாரு. நான் பாத்தேன்மா. இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். வாயைத் தொறந்தாரு, மூடிட்டாரு. நாற்காலிக்கு அடியில குனிஞ்சு பாத்தாரு. எந்திரிச்சுப் போய் கொல்லைக் கதவைத் தொறந்தாரு. "துரை, துரை"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருட்டுல இறங்கிப் போறாரு. என்னத்தையோ சொல்ல வந்தாருன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. சொல்லட்டுமே? நான் என்ன செவிடா? அவரு சொல்லாம நான் போய் என்னன்னு கேக்கணுமா?

துரை ரூம்ல பீரோவுக்குள்ள என் சேலை மேல தூங்கிக்கிட்டிருந்தான். கதவு லேசாத் தொறந்திருந்தா அதுக்குள்ள போய்ப் படுத்துக்குவான். நேரமாயிடுச்சேன்னு எனக்குப் பதைப்பு. வளைகாப்புச் சேலையைக்கூட மாத்தல. மீனைக் கொண்டாந்து வச்சேன். ரெண்டு வாய் நக்கினான், திரும்பிப் படுத்துட்டான். தூக்கக் கலக்கம்னு நெனச்சேன். ஊசியைப் போட்டேன்.

சந்தேகம் வந்தா போடாதீங்கன்னுதானே சொன்னாங்க? எனக்குச் சந்தேகமே வரலையேம்மா. சாயங்காலம் என் முறை. பிரிச்சுக்கிட்டதுலருந்து அவரு ஒரு நாளும் சாயங்காலம் போட்டதில்ல. எனக்கு எப்படிச் சந்தேகம் வரும்? சொல்லு.

துரையைத் தோள்ல போட்டுக்கிட்டு கூடத்துக்கு வர்றேன். அவரு கொல்லையிலருந்து வர்றாரு. துரையைப் பாத்ததும் அப்படி ஒரு மலர்ச்சி மூஞ்சியில. "துரை, அம்மாகிட்ட சொல்லு, பஸ்ஸு கெடைக்கலையோ என்னவோன்னு ஐயா எனக்கு மீனு வச்சு ஊசி போட்டுட்டாருன்னு"ன்னாரு. எவ்வளவு பெருமையா சொல்றாரு தெரியுமா? என் முறையை, நான் கேக்காமலே அவரே போட்டிருக்காரு.

என் கையில காலி ஊசி.

"எப்பங்க போட்டீங்க?"ன்னேன். ஆறு வருஷத்துல அவரைப் பாத்து நான் கேட்ட மொதல் வார்த்தை. அவரு ஊசியைப் பாத்தாரு. "ஐயோ, சரோஜினி"ன்னாரு. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு.

அப்புறம் என்னம்மா. தேனை எடுத்து ஈறுல தடவுங்கறாரு, தடவறேன். தொண்டையில ஊத்தாதே, புரையேறிடும்ங்கறாரு. ஆட்டோ கூப்பிடுங்கன்னு கத்தறேன். "ஓட்டுடா, வேகமா ஓட்டுடா"ன்னு அழறாரு. "துண்டை இங்க குடு, காலைப் பிடிச்சுக்கோ, மூச்சு வருதா பாரு." "வருதுங்க, வருதுங்க." அந்த ஆட்டோவுல நாங்க பேசின மாதிரி கல்யாணமான புதுசுலகூட பேசினதில்ல. துரை எங்க ரெண்டு பேரு மடியிலயும் நீளமாக் கெடந்தான். பாதி வழியில கையும் காலும் வெட்டி இழுத்துச்சு. அதைப் பாக்காதே, கண்ணை மூடிக்கோன்னு அவரு எங்கிட்ட சொன்னாரு. நான் மூடல. அவரும் மூடல.

டாக்டரம்மா குளுக்கோஸ் ஏத்தினாங்க. ஏத்திக்கிட்டே, "யாரு ரெண்டாவது தடவை போட்டது?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள இவரு முந்திக்கிட்டு, "ரெண்டு தடவையும் நான்தான்மா. வயசாயிடுச்சு, மறதி. அவ வீட்டுலயே இல்ல"ங்கறாரு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்பாங்க. எனக்கு எப்படி ஆத்திரம் வந்துச்சு தெரியுமா? ஆறு வருஷமா வாயைத் தொறக்காத மனுஷன், எங்கிட்ட "ஊசி போட்டாச்சு"ன்னு ரெண்டு வார்த்தை சொல்ல முடியாத மனுஷன், அங்க வந்து இல்லாததைப் பொல்லாததைச் சரளமாப் பேசறாரு! எனக்காகவாம். எனக்கெதுக்கு அது? அந்த ரெண்டு வார்த்தையை எங்கிட்ட சொல்லியிருந்தா என் துரை இன்னைக்கு உசுரோட இருப்பானே!

வயசான உடம்பு, தாங்கல. விடியறதுக்கு முன்னால போயிட்டான்.

கொல்லையில செம்பருத்திக்குப் பக்கத்துல குழி வெட்டினாரு. அந்த வளைகாப்புச் சேலையைச் சுத்தி வச்சேன். பட்டும்மா. இருக்கட்டும். மண்ணைத் தள்ளிட்டு மம்பட்டியோட நின்னாரு, நானும் நின்னேன். ஏதாவது சொல்லுவாருன்னு பாத்தேன். ஆட்டோவுல அவ்வளவு பேசினோமே, தொடரும்னு நெனச்சேன். அவரு என்னைப் பாத்தாரு. கால் பக்கத்துல குனிஞ்சு பாத்தாரு. அங்க யாரு இருக்கா? உள்ள போயிட்டாரு.

மூணு வாரமாச்சு. ஒரு பேச்சில்ல. சோறெடுத்து வைப்பேன், வந்து உக்காருவாரு. ரசம் ஊத்தறப்ப கையைக் காட்டுவாரு, போதும்னு. ஒரு நாள் ரசத்துக்கு வேணும்னே உப்புப் போடல, ஏதாவது சொல்றாரான்னு பாக்க. முழுசாக் குடிச்சுட்டு எந்திரிச்சுட்டாரு. பாத்ரூமுக்குப் போய் நின்னு அழுதேன். குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுதேன். கேக்கக் கூடாதுல்ல? அவரு ஆரம்பிக்கட்டும்மா. தப்பு அவரு பேர்ல. சொல்லாதது அவருதானே? கேக்காதது ஒரு தப்பா? நீயே சொல்லு. சொல்லாதே, விடு.

இந்தா, இதை வச்சுக்கோ. பிரிக்காத மருந்து ரெண்டு பாட்டிலு, ஃபிரிட்ஜ்ல இருந்ததை ஐஸ் போட்டு எடுத்தாந்திருக்கேன். ஒரு பாக்கெட் ஊசி. இது காதுல லேசாக் குத்தி சுகரு பாக்கற மிஷினு. டாக்டரம்மாகிட்ட காட்டி, உங்க பூனைக்கு ஆகுமான்னு கேட்டுட்டு எடுத்துக்கோ. யாருக்காவது குடுத்துட்டு வாங்கன்னு சாருமதிதான் போன் பண்ணிச் சொன்னா. அவளுக்குச் சொன்னது அவரு. எங்க வீட்டுக் கூடத்துலருந்து ஓசூருக்குப் போய், அங்கருந்து எங்க வீட்டு அடுப்படிக்கு வருது சேதி.

உங்க வீட்டுக்காரருகிட்ட சண்டை போடும்மா. போடு, நல்லாப் போடு, தட்டை வேணும்னாலும் தூக்கி எறி. வாயை மட்டும் மூடிடாதே.

ஊசி போடச் சொல்லிக் குடுக்க உன்னைக் கூப்பிட இன்னும் நேரமிருக்கு. எனக்கு ஒரு உதவி பண்ணுவியா? வெளியில வண்டியெல்லாம் நிறுத்தியிருக்காங்க பாரு, அந்தக் கேட்டுக்கிட்ட நீலச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தரு நிக்கறாரு. கூடவே வந்தாரு, பஸ்ஸுல அவரு முன்னால, நான் பின்னால. உள்ள வர மாட்டேங்கறாரு. தலையில துண்டுகூட இல்ல, மண்டை பொளக்கற வெயிலு, பிரஷர் உள்ள உடம்பு. போய், உள்ள ஃபேன் ஓடுது, பெஞ்சுல எடம் இருக்கு, வந்து உக்காரச் சொல்லு.

இரு, இரு. கூடையையும் எடுத்துட்டுப் போம்மா. பூனை பக்கத்துல இருந்தாத்தான் அவருக்குப் பேச்சு வரும்.